‘ஒன்லி’ சாரின் மூன்று சொல் சூத்திரம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். வங்கித் தேர்வை ஐந்து முறை எழுதி ஐந்து முறையும் தோற்றவன் நான். ஆறாவது முறை எழுத வயது இடம் கொடுக்கவில்லை. அதனால் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். இதில் என்ன முட்டாள்தனம், பாதி வாத்தியார்கள் அப்படித்தானே என்பீர்கள். பொறுங்கள். ஐந்து முறையும் என்னைக் கவிழ்த்தது ரீசனிங் பகுதி. நான் சொல்லிக்கொடுக்கப் போனதும் அதே ரீசனிங். அதைக்கூட மன்னித்து விடலாம். நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து, அதை வைத்து நானே விடை போட்டு, அந்த விடையைக் காட்டியே சூத்திரம் சரி என்று நாலு வருடம் நிரூபித்துக்கொண்டு திரிந்தேன். நான் சொல்ல வந்த முட்டாள்தனம் அது.

மாடி வகுப்பு

தொண்ணூறுகளின் நடுவில், காரைக்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் எங்கள் பயிற்சி மையம் நடந்தது. கீழே பன்னிரண்டு மெஷின்கள் தடதடக்கும். மேலே நான் கத்துவேன். சனி, ஞாயிறு வகுப்பு. இரண்டுக்கும் முதலாளி வள்ளியப்பன் அண்ணன். முதல் நாள் என்னை நேர்காணல் செய்தது அவர்தான்.

“ரீசனிங் எடுப்பீகளா வாத்தியாரே?”

“அஞ்சு தடவையும் அதுலதான் அண்ணே எனக்குப் போச்சு.”

“அப்ப எங்கெங்க வழுக்கும்னு உங்களுக்கு அத்துபடி. நாளைக்கே வந்துருங்க.”

இந்த வாதம் வலுவானதா இல்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வேலை கிடைத்தது.

ரீசனிங்கில் என்னை அதிகம் கவிழ்த்தது வாதக் கேள்வி. இளையவர்களுக்காக அது எப்படி இருக்கும் என்று சொல்லி விடுகிறேன். ஒரு பொது விஷயத்தைச் சொல்லி, இப்படிச் செய்யலாமா என்று கேட்பார்கள். கீழே இரண்டு வாதம். ஒன்று ‘ஆம்’ என்று தொடங்கும், இன்னொன்று ‘இல்லை’ என்று தொடங்கும். எது ஸ்ட்ராங், எது வீக், அல்லது இரண்டுமே ஸ்ட்ராங்கா, இரண்டுமே வீக்கா என்று சொல்ல வேண்டும். உங்களுக்கு அந்த வாதம் பிடித்திருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. நம் ஆட்கள் சறுக்குவது இங்கேதான்.

வகுப்பில் ஒருநாள் பலகையில் எழுதினேன்: ‘ஆண்டில் சில நாள் மட்டும் திறக்கும் பெரிய வீடுகளைப் பள்ளிக்கூடம் நடத்தக் கொடுக்கலாமா?’

கண்டனூர்ச் சிதம்பரம் எழுந்துவிட்டான். அவனுக்கு அங்கே அப்படி ஒரு வீட்டில் எட்டில் ஒரு பங்கு உண்டு.

“இல்லை சார். வீக்கு.”

“எது வீக்கு? நான் இன்னும் வாதமே எழுதலையேப்பா.”

“எதை எழுதினாலும் வீக்குதான் சார். எங்க அப்பச்சி ஒத்துக்கிற மாட்டாக.”

“பரீட்சைத் தாள்ல உங்க அப்பாவுக்கு இடமில்லைப்பா.”

“வீட்டுக்குள்ள பள்ளிக்கூடத்தை விட்டா, அடுத்த கல்யாணத்துக்கு நாங்க எங்க சார் போறது?”

“இது பரவாயில்லை. இதை எழுதலாம். விஷயத்தைத் தொடுது, கனமாவும் இருக்கு.”

“அப்ப எங்க அப்பச்சி?”

“உக்காரு.”

ஒரு வாதத்தை எடைபோட இரண்டே கேள்வி போதும். கேட்ட விஷயத்தை அது நேரடியாகத் தொடுகிறதா? தொட்டால், அது பெரிய காரணமா, சில்லறைக் காரணமா? அவ்வளவுதான். அன்று இது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு தரம் யோசிக்க வேண்டியிருக்கிறதே. யோசிக்காமல் விடை போட வழி கேட்டு வருகிறவர்களிடம், யோசியுங்கள் என்று சொன்னால் அடுத்த சனிக்கிழமை பெஞ்சு காலியாக இருக்கும்.

சூத்திரம் பிறந்தது

அப்போது வங்கித் தேர்வின் கேள்வித்தாளை வெளியே கொண்டுவர விடமாட்டார்கள். சரியான விடை எது என்றும் சொல்லமாட்டார்கள். அதனால் எங்களைப் போன்ற மையங்கள் ஒரு வேலை செய்தோம். தேர்வு எழுதப் போகும் ஒவ்வொருவருக்கும் ஐந்து கேள்வி எண்களைப் பங்கு பிரித்துக் கொடுப்போம். அவரவர் பங்கை மனப்பாடம் செய்துகொண்டு வெளியே வரவேண்டும். மதுரை பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடையில் கூடி, ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார். அதற்கு மெமரி பேப்பர் என்று பெயர். அதை நான் ஸ்டென்சில் தாளில் வெட்டி, விடைகளை நானே போட்டு, சைக்ளோஸ்டைலில் நகல் எடுத்து, அடுத்துப் படிக்க வரும் கூட்டத்துக்குக் கொடுப்பேன். விடை போடுவதை ‘கீ போடுவது’ என்போம்.

முதல் மெமரி பேப்பரில் ஒன்று கண்ணில் பட்டது. கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும். வீக்கான வாதங்களில் ‘ஒன்லி’, ‘ஆல்’, ‘நெவர்’ என்ற மூன்று சொற்களில் ஏதாவது ஒன்று வந்திருந்தது. எல்லாவற்றிலும் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே. எனக்கு அது போதாதா? பலகையில் பெரிதாக எழுதினேன்: மூன்றில் ஒன்று இருந்தால் வீக். எதுவும் இல்லையென்றால் ஸ்ட்ராங். படித்துப் பார்க்கவே வேண்டாம், தேடிப் பார்த்தால் போதும்.

அடுத்த தேர்வின் மெமரி பேப்பரில் முக்கால்வாசிக்குச் சூத்திரம் பொருந்தியது. அதற்கடுத்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் எனக்கு ‘ஒன்லி சார்’ என்று பெயர் வைத்தார்கள். நான் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டேன். வள்ளியப்பன் அண்ணன் நோட்டீஸ் அடித்தார்: ‘மூன்றே சொற்களில் ரீசனிங்!’

நம்மிடம் படித்தவர்களில் சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. தேறியவர்கள் சூத்திரத்தால் தேறினார்கள் என்றும், தேறாதவர்கள் கணக்கில் வீக் என்றும் நான் விளக்கம் வைத்திருந்தேன்.

கேள்வி பதினாலு

ஸ்டெல்லா தேவகோட்டையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து முன் பெஞ்சில் உட்காருவாள். அதிகம் பேசமாட்டாள். ஏற்கெனவே இரண்டு முறை எழுதித் தோற்றவள். அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. வரப்போகும் தேர்வு ஒன்றுதான் பாக்கி.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. போன தேர்வின் மெமரி பேப்பரை நான் பெருமையாக நடத்திக்கொண்டிருந்தேன். பதினாலாவது கேள்வி. அதில் ‘ஒன்லி’ வருகிற இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டேன்.

ஸ்டெல்லா எழுந்தாள். “சார், அந்தக் கேள்வி என் பங்கு. நான்தான் ஞாபகம் வச்சு வந்தேன். அதுல ஒன்லி இல்ல.”

“இங்க இருக்கேம்மா.”

“டீக்கடையில நான் ஒன்லி இல்லாமத்தான் சொன்னேன். சிதம்பரந்தான் சேத்து எழுதினாக.”

நான் சிதம்பரத்தைப் பார்த்தேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“வீக்கான வாதம் சார் அது. அப்ப ஒன்லி இருந்திருக்கணும்ல? இந்தப் புள்ள மறந்திருக்கும்னு நான் போட்டு விட்டேன்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“அன்னைக்கு நானும், இருந்திருக்கும், நமக்குத்தான் மறந்துபோச்சுனு விட்டுட்டேன் சார். வீட்டுல போய் யோசிச்சுப் பாத்தேன். பரீட்சையில அந்த அஞ்சு கேள்வியிலயும் மூணு வார்த்தையத் தேடினேன், எங்கயும் இல்ல. நீங்க சொன்னபடி அஞ்சுலயும் ரெண்டு வாதமும் ஸ்ட்ராங்குனு போட்டுட்டு வந்தேன். மத்ததெல்லாம் நல்லாப் போட்டும் எனக்கு இன்டர்வியூ கார்டு வரல.”

“கணக்குல விட்டிருப்பம்மா.”

“நான் கணக்கு டீச்சர் சார்.”

இந்த முறை வகுப்பு சிரித்தது என்னைப் பார்த்து. எனக்குச் சுருக்கென்றது. “சரி, ஞாபகத்தையே சோதிச்சிருவோம்” என்று சவால் விட்டேன். “நீயே ஒரு கேள்வி எழுதிக் கொண்டா. எல்லாருக்கும் காட்டுவோம். இவங்க ஞாபகம் நம்பக்கூடியதா இல்லையான்னு நாளைக்குத் தெரிஞ்சு போகும்.” அவளை மடக்கத்தான் அதைச் செய்தேன் என்பதையும் சொல்லி விடுகிறேன்.

பஸ் கேள்வி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் ஒரு துண்டுச்சீட்டில் ஆங்கிலத்தில் கேள்வி எழுதிக்கொண்டு வந்தாள். தமிழில் சொன்னால் இப்படி:

‘தேவகோட்டை – காரைக்குடி பஸ்ஸில் நின்று பயணம் செய்வதைத் தடுக்க வேண்டுமா? ஒன்று: ஆம், திடீரென்று பிரேக் போட்டால் நிற்பவர்கள் விழுந்து அடிபடுகிறார்கள். இரண்டு: இல்லை, வேறு எந்த ஊர் பஸ்ஸிலும் இப்படித் தடை கிடையாது.’

நான் அதைப் பார்த்துப் பலகையில் எழுதினேன். சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் மனதில் வாங்கிக்கொண்டதும் அழித்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வரச்சொன்னேன். வந்ததும் ஆளுக்கொரு தாளில் அந்தக் கேள்வியை எழுதச் சொன்னேன். இருபத்துமூன்று தாள். மேஜையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

முதல் வாதம் எல்லோருக்கும் ஏறக்குறைய சரியாக இருந்தது. இரண்டாவது வாதத்தைப் பதினேழு பேர் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘இல்லை, ஒன்லி நம் ஊர் பஸ்ஸில் தடை செய்வது சரியல்ல.’

எனக்கு வெற்றிக் களிப்பு. “பாத்தியாம்மா ஸ்டெல்லா? பதினேழு பேரு எழுதியிருக்காக. நீ ஒன்லியை விட்டுட்ட. உன் ஞாபகந்தான் வீக்கு!”

அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள். “சீட்டு உங்க சட்டைப் பையில இருக்கு சார்.”

எடுத்தேன். படித்தேன். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். ‘ஒன்லி’ இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பலகையில் என் கையால் எழுதியவன் நான். டீ குடித்த நேரத்தில் என் தலைக்குள்ளேயும் ‘ஒன்லி’ வந்து உட்கார்ந்திருக்கிறது. வீக்கான வாதம் என்று மனதுக்குப் பட்டதும், வீக்கான வாதத்தில் இருக்க வேண்டிய சொல்லை ஞாபகம் தானே சேர்த்துக்கொண்டது. அந்தப் பதினேழு பேருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவன் நான். நான் கற்றுக்கொடுத்ததை அவர்கள் மெமரி பேப்பராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்து நான் சூத்திரம் நிரூபணமாகி விட்டது என்றேன். வருடா வருடம் அது ஏன் இன்னும் நன்றாகப் பொருந்தியது என்று அப்போது தெரிந்தது. வருடா வருடம் நான் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஒரு நல்ல வாத்தியார் அந்த இடத்தில் என்ன செய்வார்? தப்பை ஒத்துக்கொள்வார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“மணி ஆச்சு. மிச்சத்தை அடுத்த வாரம் பாப்போம்.”

கடைசி வகுப்பு

நடுவில் ஒருநாள் வள்ளியப்பன் அண்ணனிடம் மெல்ல இழுத்தேன்.

“அண்ணே, சூத்திரத்துல ஒரு சிக்கல்.”

“என்ன சிக்கல்?”

“அது தப்பு.”

அவர் டைப் மெஷின் ரிப்பனைச் சுற்றிக்கொண்டே கேட்டார். “முழுசாத் தப்பா, கொஞ்சம் தப்பா?”

“படிக்காமப் போட்டா எது சரி, எது தப்புன்னே தெரியாதுண்ணே.”

“அப்ப சரியாவும் இருக்கலாம்ல? பரீட்சைக்கு நாலு நாளு இருக்கு. இப்பப் போயி நாலு வருசமா சொன்னது பொய்யின்னா, புள்ளைக பயந்து போகாதா? பரீட்சை முடியட்டும் வாத்தியாரே, ஆற அமர மாத்திக்கிருவோம்.”

உண்மையைச் சொன்னால், இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதா என்பது கேள்வியே இல்லை என்று பிள்ளைகளுக்கு அத்தனை முறை சொன்னவன், அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, தேர்வுக்கு முந்தைய நாள், கடைசி வகுப்பு. முடிந்ததும் ஸ்டெல்லா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். அன்றே மதுரைக்குப் போய் அத்தை வீட்டில் தங்கப் போவதாகச் சொல்லி, கையில் பையோடு நின்றாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்குச் சூத்திரத்தப் போடவா, படிச்சு யோசிச்சுப் போடவா?”

நான் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

“எனக்கு இது கடைசி. தப்பாப் போட்டா மார்க்கும் கழிப்பாக. சொந்தமா யோசிக்கப் பயமா இருக்கு சார். நீங்க எது சொல்றீகளோ அதைச் செய்யிறேன்.”

வாசல்படியில் வள்ளியப்பன் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கான நோட்டீஸ் கட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

“சூத்திரத்தை நம்பும்மா” என்றேன்.

“சரிங்க சார்.” படியிறங்கிப் போய்விட்டாள்.

நான் வேலை செய்த காலத்தில் சொன்ன தப்பான விடைகள் நிறைய. தப்பு என்று தெரிந்தே சொன்னது அது ஒன்றுதான்.

மதுரை

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். என்னமோ பெரிய தர்மாவேசம் என்று நினைக்க வேண்டாம். காலையில் காபி வைத்த வீட்டம்மா, “என்ன, நீங்க பரீட்சை எழுதப் போற மாதிரி முழிக்கிறீக?” என்று கேட்டாள். அதற்குமேல் வீட்டில் உட்கார முடியவில்லை.

தேர்வு நடக்கும் பள்ளிக்கூடத்தின் கேட்டில் ஒரே கூட்டம். எங்கள் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஓரமாக நின்று, என் சைக்ளோஸ்டைல் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் அதைப் பிடுங்கினேன்.

“மூணு வார்த்தையைத் தேடாதீக! சூத்திரம் தப்பு! வாதத்தைப் படிங்க. விஷயத்தைத் தொடுதா, கனமா இருக்கான்னு மட்டும் பாருங்க!”

சிதம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “சார், உள்ள போக அரை மணி நேரம் இருக்கு. இப்ப வந்து சொல்றீகளே, இது நல்லாருக்கா?”

“நல்லா இல்லைதாம்ப்பா.”

“அப்ப நாலு வருசமா வட்டம் போட்டதெல்லாம்?”

“சும்மா போட்டது.”

அவன் அந்தத் தேர்வில் தேறவில்லை. பிறகு இரும்புக் கடை வைத்தான். தான் ஆபீசராகாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று இன்றும் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறான். அது ஸ்ட்ராங்கான வாதம்.

ஸ்டெல்லாவைக் காணோம். கேட் திறந்து எல்லோரும் நுழைய ஆரம்பித்தபோதுதான் பார்த்தேன். எனக்கு முன்னால் ஐம்பது தலைக்கு அப்பால் நீலச் சேலையில் போய்க்கொண்டிருந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினேன். கேட்டில் இருந்த காவலாளி மறித்தார்.

“ஹால் டிக்கெட்?”

“நான் வாத்தியார்.”

“எந்த வாத்தியாரா இருந்தாலும் அங்குட்டு நில்லுங்க.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தொண்டை கிழியக் கத்தினேன். “ஸ்டெல்லா! சூத்திரத்தைப் போடாதம்மா! யோசிச்சுப் போடு! யோசிச்சுப் போடு!”

அவள் திரும்பவில்லை. ஆனால் ஒரு கையை உயர்த்தினாள். எனக்குத்தான் உயர்த்தினாள் என்று எடுத்துக்கொண்டேன். மணி அடித்தது. நான் பஸ் நிலையத்துக்கு வந்து இரண்டு இட்லி தின்றேன்.

டோக்கன்

அடுத்த வகுப்பில் பலகையில் இருந்த மூன்று சொற்களையும் அழித்தேன். வள்ளியப்பன் அண்ணன், “அப்ப நோட்டீஸுல என்னத்தப் போடுறது?” என்று மட்டும் கேட்டார். மெமரி பேப்பர் எழுதும் முறையையும் மாற்றினேன். ஒரே பங்கை இரண்டு பேருக்குக் கொடுத்தேன். டீக்கடைக்கு வருமுன், ஒருவரோடு ஒருவர் பேசாமல் அவரவர் தனியாக எழுதிவிட வேண்டும். சிதம்பரம் மாதிரி யாரும் திருத்தக்கூடாது. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்டென்சிலில் ஏறும். அதன் பிறகு வீக்கான வாதங்களில் ‘ஒன்லி’ வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஸ்ட்ராங்கான வாதத்திலும் அவ்வப்போது அது வந்து உட்கார்ந்திருந்தது.

இந்தத் தொழிலில் நான் கற்றது இது. ஒரு வாதம் உங்களுக்கு மிகவும் ஒத்துவந்தால், அதற்கு ஆதாரம் கொண்டுவந்தவர் யார் என்று பாருங்கள். அதை முன்பே நம்பியவரா? அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நீங்களா? அப்படியானால் உங்கள் குரலேதான் உங்களிடம் திரும்பி வந்திருக்கிறது.

இவ்வளவு தெளிந்த பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள்.

ஸ்டெல்லா தேறினாள். வேலைக்கான ஆர்டர் வந்தது. நான் கத்தினேன், அவள் கை உயர்த்தினாள், தேறினாள். இதை நான் விடுவேனா? அடுத்த இரண்டு வருடம், வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் வகுப்பு மதுரைக் கேட் கதைதான். ‘சரியான நேரத்தில் ஒரு வாத்தியார் சொன்ன ஒரே ஒரு சொல்’ என்று முடிப்பேன். சில சமயம் எனக்கே கண் கலங்கும்.

ஒக்கூர் என் மாமனார் ஊர். அங்குள்ள வங்கிக் கிளையில் எங்களுக்குக் கணக்கு உண்டு. ஒருநாள் பணம் எடுக்கப் போனேன். பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு நின்றேன். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கேஷ் கவுண்டரின் கம்பிக்குப் பின்னால் ஸ்டெல்லா இருந்தாள். மாற்றலாகி வந்திருக்கிறாள்.

“நல்லாருக்கீகளா சார்?” என்று கேட்டுவிட்டு நோட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று குரலைக் கொஞ்சம் தூக்கினேன்.

“ஏம்மா ஸ்டெல்லா, அன்னைக்கு மதுரைக் கேட்ல நான் மட்டும் வந்து சொல்லாமப் போயிருந்தா, இன்னைக்கு நீ எங்க இருந்திருப்ப?”

அவள் எண்ணி முடித்து, கட்டைத் தட்டிச் சரிசெய்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

“நீங்க கத்துனது ஒண்ணுமே காதுல விழுகல சார், டோக்கனக் குடுங்க.”